நிலத்தின் கீழே மின்சாரம்: குழாயைத் தெரிவதும் பதிப்பதும்

எமது ஊர்களில் மின்சாரம் வீட்டுக்கு வந்த பின்னர், அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. வளவின் மூலையிலுள்ள கிணற்று மோட்டருக்கும், பின்புறக் கோழிக் கூட்டுக்கும், பாலர் பாடசாலைக்கும், சனசமூக நிலையத்துக்கும், ஆலய வளவின் மணிக்கூண்டுக்கும் அது போகவேண்டியிருக்கிறது. சொறிக்கல்முனை, வீரமுனை, சவளக்கடை, நாவிதன்வெளி என்று எங்கு பார்த்தாலும், மரத்திலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து தடிக்கும் கட்டப்பட்ட வயர்கள் தொங்குவதைக் காணலாம். தென்னோலை விழுந்தால் அறும். நெல் மூடை ஏற்றிய லொறி உரசினால் அறும். திருவிழாக் காலத்தில் சுருவக்கூடு உயர்ந்தால், தடி கொண்டு வயரைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் முன்னே ஓடவேண்டும்.

இதற்கு மாற்றாகப் பலர் இன்று வயரை மண்ணுக்குள் புதைக்கின்றனர். நல்ல எண்ணம்தான். ஆனால், எப்படிப் புதைக்கின்றனர் என்பதே கேள்வி. வீட்டுச் சுவருக்குள் செல்லவேண்டிய சாதாரண வயரை, தண்ணீர்க் குழாய்த் துண்டுகளுக்குள் நுழைத்து, அரை அடி ஆழத்தில் மூடிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. மேலே தொங்கும் வயரின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், விலகி நடக்கலாம். மண்ணுக்குள் கிடக்கும் வயரின் ஆபத்து தெரியாது. புதைத்தவருக்கு இடம் நினைவிருக்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் அதே இடத்தில் வாழைக்குக் குழி வெட்டும் அவருடைய பேரனுக்கு அது தெரியாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று இரும்பு அலவாங்கைப் பிடித்திருப்பவருக்கு 230 வோல்ற்று உயிர்போகப் போதுமானது.

ஆகவே, மின்வடத்துக்கான குழாய் என்பது வயரைக் காப்பதற்கான பொருள் மட்டுமன்று. பின்னால் அந்த மண்ணை வெட்டப்போகும் மனிதரைக் காப்பதற்கான பொருளுமாகும். இக்கட்டுரையில் அதனைத் தெரியும் முறையையும் பதிக்கும் முறையையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. எதை நிலத்தின் கீழ் கொண்டுபோகலாம்?

மின்சாரத்தை நிலத்தின் கீழ் கொண்டுசெல்வது புதிய எண்ணமல்ல. 1882 செப்டெம்பரில் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதி நிலையத்திலிருந்து தோமஸ் எடிசன் மின்சாரம் வழங்கத் தொடங்கியபோதே, செப்புக் கம்பிகளை இரும்புக் குழாய்களுக்குள் வைத்து, தார் போன்ற காவற்பசையால் நிரப்பி, வீதிக்கு அடியில் புதைத்தார். அதே நகரில் தந்தி, தொலைபேசி, மின்சாரக் கம்பிகள் கம்பங்களில் காடாய் மண்டியிருந்தன. 1888 மார்ச்சில் வீசிய கடும் பனிப்புயலில் அவை அறுந்து விழுந்த பின்னரே, கம்பிகளை நிலத்தின் கீழ் இறக்கும் வேலை அங்கே வேகம் பெற்றது.

புயலின் பாடம் எமக்கும் புதிதல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை எமது முதியவர்கள் மறக்கமாட்டார்கள். கடலுக்கு அப்பால், 2011 டிசம்பர் 30ஆம் திகதி தானே புயல் தமிழ்நாட்டின் கடலூர்ப் பகுதியைச் சிதைத்தது. அதற்குப் பின்னர், உலக வங்கியின் கடனுதவியுடன் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய கரையோர நகரங்களில் மின்கம்பிகளை நிலத்தடி வடங்களாக மாற்றும் திட்டம் எடுக்கப்பட்டது. 2018 நவம்பர் 16ஆம் திகதி வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயலில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரையோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று கம்பங்களின் பீங்கான் காவலிகளில் படிந்து, பனி இறங்கும் வேளையில் மின்சாரத்தைக் கசியவிடும். நிலத்தடி வடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் புதைத்துவிடலாமே என்று கேட்கலாம். செலவு இடங்கொடாது. ஒரே தூரத்துக்கு நிலத்தடி வடம் மேலே செல்லும் கம்பியைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். பழுது ஏற்பட்டால் கம்பத்தில் கண்ணால் காணலாம். மண்ணுக்குள் கருவி கொண்டு தேடவேண்டும். கடல் மண்ணையே அரித்துச் செல்லும் இடத்தில் புதைத்ததும் நிலைக்காது. எனவே ஊர்முழுவதும் புதைப்பது எம்மால் ஆகிற காரியமல்ல. ஆனால் மீற்றருக்கு இப்பால் உள்ள 20 முதல் 100 மீற்றர் வரையான தூரம் எமது கையில் இருக்கிறது. கிணறு, வகுப்பறை, ஆலயம், பள்ளிவாசல், அரிசி ஆலை ஆகியவற்றுக்குச் செல்லும் இந்தக் குறுந்தூரத்தையே நாம் செம்மையாகச் செய்யலாம். மீற்றருக்கு அப்பால் உள்ளது மின் வழங்குநரின் உடைமை. அதில் எவரும் கைவைக்கக் கூடாது.

2. குழாய் ஏன் வேண்டும்?

உருக்குக் கம்பிக் கவசம் போர்த்திய ஆமர்ட் கேபிளை நேரடியாகவே மண்ணில் புதைக்கலாம். அது அதற்காகவே செய்யப்பட்டது. எனினும் குழாய்க்குள் இடுவதால் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, வடம் பழுதானால் மீண்டும் வெட்டாமல் உருவி எடுத்துப் புதியதை இழுக்கலாம். இரண்டாவது, நாளை இன்னொரு வடம் தேவைப்பட்டால் இடம் இருக்கும். மூன்றாவது, மண்வெட்டி முதலில் குழாயில் படும். வெட்டுபவர் நின்று பார்ப்பார்.

ஆனால் குழாய் கவசத்துக்கு ஈடல்ல. பிவிசி குழாயை ஓங்கிய அலவாங்கு துளைக்கும். ஆகவே குழாய்க்குள் இட்டாலும் ஆமர்ட் கேபிளே சிறந்தது. அலவாங்கு கவசத்தைக் கிழித்து உள்ளே போனாலும், அந்தக் கவசம் சரியாகப் புவித்தொடுப்புச் செய்யப்பட்டிருந்தால், மின்சாரம் நிலத்துக்கு ஓடி, ட்ரிப் சுவிட்ச் அக்கணமே விழும். கவசமில்லாத வயரில் அந்தக் காவல் இல்லை. சுவருக்குள் ஓடும் தனிவயர்களை எக்காரணம் கொண்டும் நிலத்தடிக் குழாய்க்குள் இடவேண்டாம். நிலத்தடிக் குழாய் எத்தனை கவனமாகப் பொருத்தினாலும் சில மாரிகளில் உள்ளே நீர் சேரும். நீரில் கிடப்பதற்கு அந்த வயர் செய்யப்படவில்லை.

3. எந்தக் குழாய்?

கடைகளில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிவிசி குழாய்: மலிவானது, துருப்பிடிக்காது, உப்பு மண்ணுக்கு அஞ்சாது, எமது மேசன்மாருக்குப் பழக்கமானது. ஆனால் கழிவுநீருக்கென விற்கப்படும் மெல்லிய குழாயை வாங்கக் கூடாது. அதன்மேல் உழவு இயந்திரம் ஏறினால் முட்டை வடிவில் நசுங்கும். தண்ணீர் அமுக்கத்தைத் தாங்கும் தடித்த சுவர்க் குழாயோ, மின்வடத்துக்கெனச் செய்யப்பட்ட குழாயோ வேண்டும். இரண்டாவது கிடைத்தால் அதுவே மேல். நிறத்தைப் பார்த்தே இது மின்சாரம் என்று அறியலாம். தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தினால், அதன்மேல் ஒவ்வொரு மீற்றருக்கும் சிவப்பு வர்ணத்தில் பட்டை அடியுங்கள். இல்லாவிடில் பின்னாளில் ஒருவர் அதனைத் தண்ணீர்க் குழாயென எண்ணி வாள் வைத்து அறுப்பார்.

பொலித்தீன் நெளிகுழாய்: வெளியே நெளிவும் உள்ளே வழவழப்புமான இரட்டைச் சுவர்க் குழாய். சுருளாக வருவதால் பொருத்துக்கள் குறைவு. மண் சற்று இறங்கினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். மணற்பாங்கான கரையோரத்துக்கும், வெள்ளத்தில் ஊறி இளகும் வயலோர மண்ணுக்கும் ஏற்றது. பெரிய நகரக் கடைகளில் கேட்டுப் பெறவேண்டும். ஒற்றைச் சுவருடையது உள்ளேயும் நெளிந்திருக்கும். வடம் இழுக்கும்போது ஒவ்வொரு நெளிவிலும் தடக்கும்.

நாகம் பூசிய இரும்புக் குழாய்: அடியைத் தாங்கும். நிலத்திலிருந்து சுவரில் ஏறும் துண்டுக்கும், வெயில் படும் இடத்துக்கும் நல்லது. உப்பு மண்ணில் நீண்ட தூரம் புதைத்தால் அரித்துப்போகும். ஒரு விதியை மறக்கவேண்டாம். மின்சாரம் போகும் வயரும் திரும்பும் வயரும் ஒரே இரும்புக் குழாய்க்குள் சேர்ந்தே செல்லவேண்டும். ஒன்றை மட்டும் தனி இரும்புக் குழாயில் விட்டால், அதன் காந்தப் புலத்தால் குழாயே சூடேறும்.

கொன்கிறீற் போர்வை: லொறிகள் கடக்கும் இடத்தில், பிவிசி குழாயைச் சுற்றி நாற்புறமும் 10 சென்ரிமீற்றர் அளவில் கொன்கிறீற் இடலாம். வளவு முழுவதற்கும் இது வீண் செலவு.

4. வடத்தின் பருமனும் குழாயின் பருமனும்

முதலில் வடத்தின் கணக்கு. அதற்குப் பின்னரே குழாய்.

1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர் எடுக்கும். கிணறு மீற்றரிலிருந்து 60 மீற்றர் தூரம் என்று கொள்வோம். செப்பு வடத்தில், ஒரு அம்பியருக்கு ஒரு மீற்றருக்கு இழக்கப்படும் வோல்ற்றளவு நியமப் பட்டியல்களில் தரப்பட்டிருக்கிறது. 1.5 சதுர மில்லிமீற்றர் வடத்துக்கு அது 0.029 வோல்ற்று, 2.5க்கு 0.018, 4க்கு 0.011. போய்த் திரும்பும் இரு வழிக்கும் சேர்த்த கணக்கு இது.

அவ்வாறாயின், ஓடும்போது இழப்பு 1.5இல் 10.4 வோல்ற்று, 2.5இல் 6.5, 4இல் 4 வோல்ற்று. இது பெரிதாகத் தெரியாது. ஆனால் மோட்டர் புறப்படும் கணத்தில் ஏறத்தாழ ஐந்து மடங்கு, அதாவது 30 அம்பியர் இழுக்கும். அப்போது 1.5இல் 52 வோல்ற்று வழியிலேயே போய்விடும். மோட்டருக்கு 178 வோல்ற்றே கிடைக்கும். 2.5இல் 198, 4இல் 210. எல்லா வீட்டிலும் விளக்கெரியும் மாலை வேளையில் மீற்றரிலேயே வோல்ற்றளவு தாழ்ந்திருந்தால், மெல்லிய வடத்தில் மோட்டர் புறப்படாமல் உறுமிக்கொண்டு சூடாகி எரியும். பிறகு பழி மோட்டரின் மேல். ஆகவே 60 மீற்றருக்கு 2.5 குறைந்தபட்சம், 4 நிம்மதி.

இனிக் குழாய். ஒரே ஒரு வடம் செல்வதாயின் குழாயின் உள்விட்டம் வடத்தின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும். மூன்றும் அதற்கு மேலும் செல்வதாயின், எல்லா வடங்களின் குறுக்குப் பரப்பும் சேர்ந்து குழாயின் உட்பரப்பில் 100க்கு 40 பங்கைத் தாண்டக்கூடாது. மூன்று கம்பியுள்ள 4 சதுர மில்லிமீற்றர் ஆமர்ட் கேபிளின் வெளிவிட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர். கணக்குப்படி 32 மில்லிமீற்றர்க் குழாயே போதும். ஆனால் 50 மில்லிமீற்றர்க் குழாயை இடுங்கள். விலை வித்தியாசம் சிறிது. வெட்டும் கூலி ஒன்றேதான். அதற்குள் இன்னொரு வடம் வந்தாலும் உட்பரப்பில் காற்பங்கும் நிரம்பாது.

ஒத்த பருமனுள்ள மூன்று வடங்களைச் சேர்த்து இழுக்கும்போது ஒரு நுட்பம் கவனிக்கவேண்டும். குழாயின் உள்விட்டம் ஒரு வட விட்டத்தின் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தால், வளைவில் மூன்றும் ஒரே வரிசையில் அமர்ந்து ஆப்புப்போல் இறுகிவிடும். அந்த அளவைத் தவிர்த்து ஒரு படி பெரிய குழாயை எடுக்கவேண்டும்.

5. மண்ணும் வெப்பமும்

மின்சாரம் ஓடும் வடம் சூடாகும். அந்தச் சூடு மண்ணுக்குள் பரவி வெளியேறவேண்டும். குழாய்க்குள் வடத்தைச் சுற்றிக் காற்று இருப்பதால், நேரே மண்ணில் கிடக்கும் வடத்தைவிடச் சூடு வெளியேறுவது கடினம். ஆகவே அதே வடம் குழாய்க்குள் குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும். மேலும், சர்வதேச நியமப் பட்டியல்கள் மண்ணின் வெப்பம் 20 பாகை என்று வைத்துக் கணக்கிட்டவை. 30 பாகை மண்ணில், பிவிசி உறையுள்ள வடத்தின் அளவை 0.89ஆல் பெருக்கிக் குறைக்கவேண்டும்.

ஈர மண் சூட்டை நன்றாகக் கடத்தும். காய்ந்த மணல் கடத்தாது. எமது கரையோர மணல் வைகாசி முதல் ஆவணி வரை காய்ந்து கிடக்கும். நீர் இறைப்பதும் அந்த மாதங்களில்தான் அதிகம். அதாவது வடத்துக்கு வேலை கூடும் காலத்திலேயே மண் கைவிடும்.

இதனைச் சிறு விடயமாக எண்ணவேண்டாம். 1998இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகர மத்திக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு பெரிய நிலத்தடி வடங்கள், ஜனவரி கடைசிக்கும் பெப்ரவரி 20ஆம் திகதிக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. நகர மத்தி ஐந்து வாரங்களாகத் தடுமாறியது. பின்னர் நடந்த விசாரணையில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, வடங்களைச் சுற்றியிருந்த மண் எதிர்பார்த்த அளவுக்குச் சூட்டைக் கடத்தவில்லை என்பதாகும்.

ஒரு மோட்டருக்கு இது பெரும் பிரச்சினையாகாது. அரிசி ஆலை, ஐஸ் ஆலை, பெரிய மண்டபம் போன்றவற்றுக்கு வடத்தை ஒரு படி பெரிதாக எடுக்கவேண்டும். சுமைகூடிய வடங்களை ஒரே குழாயில் திணிக்காமல், தனித்தனிக் குழாய்களில் இடைவெளி விட்டுப் பதிக்கவேண்டும்.

6. வழியும் காலமும்

வெட்டுவதற்கு முன் வழியை நடந்து பாருங்கள். மிகக் குறுகிய வழியே நல்ல வழி என்பதில்லை. மதிலோரமாக, நேர்கோட்டில் செல்லும் வழி சற்று நீண்டாலும் நல்லது; பின்னால் வருபவர் ஊகித்து அறியலாம். தென்னை, மா, பலா ஆகியவற்றின் அடியையும், மலசலகூடக் குழியையும், வீடு பெருப்பிக்க எண்ணிய இடத்தையும் விலக்குங்கள். தண்ணீர்க் குழாயிலிருந்தும் தொலைபேசி வடத்திலிருந்தும் 30 சென்ரிமீற்றராவது விலகியிருக்கவேண்டும். வயல் வரம்பில் புதைக்கவேண்டாம். வரம்பு ஆண்டுதோறும் மண்வெட்டியால் செதுக்கப்படுவது. பொது வீதியைக் கடக்கவேண்டுமாயின் பிரதேச சபையினதோ வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்தினதோ அனுமதியின்றி வெட்டக்கூடாது.

காலமும் முக்கியம். மாரி வெள்ளத்தில் கிட்டங்கித் தாம்போதி மூழ்கியதைப் பலமுறை கண்டவர்கள் நாம். அந்த மாதங்களில் இங்கே இரண்டடி வெட்டினாலே நீர் ஊறும். பெரும்போக அறுவடை முடிந்து நிலத்தடி நீர் இறங்கிய பின்னர், சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் இவ்வேலையை முடிப்பது நல்லது.

7. அகழியும் குழாயும்

ஆழம்: இந்திய நியமம் தாழ் வோல்ற்று வடங்களுக்கு 75 சென்ரிமீற்றரும், வீதி கடக்கும் இடத்தில் 1 மீற்றரும் என்று சொல்கிறது. எமது வளவுகளுக்கும் இதுவே நல்ல அளவு. வண்டி போகாத, பயிர் செய்யாத இடத்தில் 60 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. அரை அடி, ஓர் அடி என்பதெல்லாம் மண்வெட்டியின் எல்லைக்குள் இருப்பவை.

அகலம்: ஒரு மண்வெட்டி அகலமே போதும், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். வெட்டிய மண்ணை அகழியின் விளிம்பிலிருந்து அரை மீற்றருக்கு அப்பால் போடுங்கள். மணல் நிலம் சொல்லாமல் சரியும். இரவில் திறந்து கிடந்தால் கயிறு கட்டி விளக்கு வையுங்கள். மாடும் சிறுவரும் விழுவார்கள்.

படுக்கை: அடியில் கல், வேர், ஓட்டுத்துண்டு இல்லாமல் பொறுக்கி, 7 அல்லது 8 சென்ரிமீற்றர் சன்ன மணல் பரப்புங்கள். கடற்கரை மணலைத் தவிர்த்து ஆற்று மணல் இடுவது நன்று. அகழியின் அடி 100 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற அளவில் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கட்டும். உள்ளே சேரும் நீர் ஓரிடத்துக்கு வரும். அங்கே இழுகுழி ஒன்றை அமைத்தால் இறைத்துவிடலாம்.

பொருத்து: குழாயை அறுத்த பின்னர் உள்விளிம்பின் பிசிறைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்குங்கள். அந்தப் பிசிறே பின்னர் வடத்தின் உறையைச் சீவும். பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். உள்ளே வழிந்து கட்டியானால் அதுவும் தடையே. தண்ணீர்க் குழாய்க்குரிய சடுதியான எல்போ பயன்படுத்தவேண்டாம். நீண்ட வளைவையே பயன்படுத்துங்கள். வளைவின் ஆரை வட விட்டத்தின் 12 மடங்கு இருந்தால் அச்சமில்லை. சிலர் குழாயைத் தீயில் வாட்டி வளைக்கின்றனர். அதனால் குழாய் நசுங்குவதோடு ஒரு பக்கச் சுவர் மெலிந்தும் போகிறது.

மிதப்பு: இது கரையோரத்துக்கே உரிய தொல்லை. 110 மில்லிமீற்றர் வெறுங்குழாயை நீர் ஊறிய அகழியில் வைத்தால், ஒவ்வொரு மீற்றரையும் நீர் ஏறத்தாழ 9 கிலோ விசையுடன் மேலே தள்ளும். மாலையில் வைத்த குழாய் காலையில் மேலே நிற்கும். வைத்த அன்றே மண் போட்டு மிதிக்கவேண்டும்; முடியாவிட்டால் மணல் மூடைகளை இடைக்கிடை பாரமாக வைக்கவேண்டும்.

8. வடம் இழுத்தல்

குழாய்களைப் பொருத்தும்போதே உள்ளே ஒரு நைலோன் கயிற்றை விட்டுச் செல்லுங்கள். வடம் இழுக்குமுன், குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய உருண்டை மரக்கட்டை ஒன்றை அக்கயிற்றில் கட்டி ஒரு முறை இழுங்கள். அது தடையின்றி வந்தால் குழாய் நசுங்கவில்லை, கல் இல்லை என்று பொருள். அதன் பின்னால் துணிப்பொட்டலம் ஒன்று இழுத்தால் மணலும் வந்துவிடும்.

வளைவுகளைக் குறைக்கவேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறோம்? முரட்டு மாட்டைக் கட்டும்போது கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒரு சிறுவனே மாட்டைப் பிடித்து நிறுத்திவிடுவான். உராய்வு சுற்றுக்குச் சுற்றுப் பெருகுவதே காரணம். குழாயின் வளைவிலும் அதுவே நடக்கிறது. ஒரு செங்கோண வளைவில் இழுவை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்காகிறது. இரண்டு வளைவில் மூன்று மடங்குக்கு மேலும் போகலாம். ஆகவே இரண்டு செங்கோண வளைவுக்கு மேல் வேண்டுமாயின், அல்லது நேர்வழி 40, 50 மீற்றரைத் தாண்டுமாயின், இடையில் செங்கல்லால் ஓர் இழுகுழி கட்டி மூடி போடுங்கள்.

வடத்தை உருட்டியிலிருந்து உருட்டியே எடுக்கவேண்டும்; சுருளாய் உருவினால் முறுக்கேறும். ஒருவர் இழுக்க, ஒருவர் மறுபக்கத்தில் ஊட்டிவிடவேண்டும். கிறீஸ், எண்ணெய் பூசவேண்டாம். அவை பிவிசி உறையைக் கெடுக்கும். வடத்துக்கெனச் செய்த வழுக்குப் பசையோ, அது கிடைக்காவிட்டால் டால்க் பவுடரோ போதும். குழாய்க்குள் எவ்விதப் பொருத்தும் இருக்கக்கூடாது. வடம் எட்டாவிட்டால் நீளமானதை வாங்குவதே வழி. இழுத்து முடிந்ததும் இன்னொரு கயிற்றைக் குழாய்க்குள் விட்டுவையுங்கள்.

9. சோதனை, மூடுதல், அடையாளம்

மூடுமுன் தகைமையுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு வடத்தின் காவலியை 500 வோல்ற்றுக் கருவியால் சோதிக்கவேண்டும். 1 மெகா ஓம் என்பது விதிமுறையின் அடிமட்டம். புதிய வடம் அதைவிட எத்தனையோ மடங்கு காட்டவேண்டும். அடிமட்டத்துக்கு அருகில் வந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது. கவசம் புவித்தொடுப்பில் சேர்ந்துள்ளதா என்றும், வடம் புறப்படும் இடத்தில் 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் உள்ளதா, அதன் சோதனைப் பொத்தானை அமர்த்தினால் விழுகிறதா என்றும் பார்க்கவேண்டும். இவை இல்லாமல் எவ்வளவு நல்ல குழாய் இட்டும் பயனில்லை.

குழாயின் மேல் 10 சென்ரிமீற்றர் மணல் இட்டு, அதன்மேல் செங்கற்களை வரிசையாக அடுக்குங்கள். பிறகு மண்ணை 15 சென்ரிமீற்றர் அளவாகப் போட்டு ஒவ்வொரு படையையும் மிதித்து இறுக்குங்கள். தரைக்கு 30 சென்ரிமீற்றர் கீழே சிவப்போ மஞ்சளோ நிற எச்சரிக்கை நாடாவை விரியுங்கள். நாடா கிடைக்காவிட்டால் நிறப் பொலித்தீனைக் கிழித்து, அழியா மையால் "கீழே மின்சாரம்" என்று எழுதி விரிக்கலாம். பொலித்தீன் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். வேறெங்கும் குறையான அந்தக் குணம் இங்கே பயன்படுகிறது.

குழாயின் இரு வாய்களையும் அடைக்கவேண்டும். எலி, பாம்பு, கறையான், வெள்ளநீர் ஆகியவற்றுக்கு அது நல்ல வழி. நுரைப்பசையோ மின்வடத்துக்குரிய களிப்பசையோ இட்டு, வாயில் சன்னக் கம்பிவலை கட்டலாம். கிணற்றுப் பக்க வாயும் சுவிட்ச் பெட்டியும் நீங்கள் கண்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

10. வரைபடம்

எல்லாவற்றிலும் மலிவானதும், எல்லாரும் மறப்பதும் இதுவே. மூடுமுன் ஒரு தாளில் வழியை வரையுங்கள். வீட்டு மூலை, கிணற்றுக் கட்டு, மதில் தூண் போன்ற அசையாத பொருள்களிலிருந்து தூரத்தை அளந்து குறியுங்கள். "மாமரத்திலிருந்து" என்று குறித்தால் மாமரம் நாளை விறகாகும். ஆழம், குழாயின் பருமன், வடத்தின் வகை, பதித்த திகதி ஆகியவற்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி மீற்றர்ப் பெட்டியின் கதவின் உட்புறத்தில் இருக்கட்டும். பொது இடமாயின் ஆலய, பள்ளிவாசல், பாடசாலை அலுவலகக் கோப்பில் இன்னொன்று இருக்கட்டும். வளைவுகளிலும் ஒவ்வொரு 20 மீற்றரிலும் ஒரு சிறு சீமெந்துக் கல் நாட்டி, மின்னல் குறி பொறியுங்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றமாகட்டும், சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருவிழாவாகட்டும், பந்தற்கால் நடுவதற்கு அலவாங்கோடு வருபவர் பெரும்பாலும் அவ்வளவை அறியாதவர். அவருக்கு அந்தக் கல்லே பேசும்.

செலவைக் குறைக்க எண்ணுபவர்களுக்கு ஓர் ஆலோசனை. வெட்டுவதற்கும் மூடுவதற்கும் சொந்த உழைப்பையும் சிரமதானத்தையும் பயன்படுத்துங்கள். அங்கே மிச்சம் பிடிப்பது நியாயம். குழாயிலும் ஒரு தரம் இறங்கலாம். ஆனால் வடம், புவித்தொடுப்பு, ட்ரிப் சுவிட்ச் ஆகிய மூன்றிலும் ஒரு சதம்கூடக் குறைக்கவேண்டாம். அதற்கும் பணம் போதாவிட்டால், வயரை அரைகுறையாகப் புதைப்பதைவிட, உறுதியான கம்பம் நட்டு உயரத்தில் கொண்டுபோவதே மேல். பணம் சேரும் வரை அது கண்ணுக்குத் தெரிந்தாவது இருக்கும்.